பெரட்டுக்குக் கிளம்புவது போல மலைக்குக் கிளம்புங்கள்

பந்திங்கில் வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் ஒன்றுதான்: புக்கிட் ஜுக்ரா. மற்ற திசை எங்கும் தட்டை நிலம். செம்பனை, வாய்க்கால், அதைத் தாண்டினால் மறுபடியும் செம்பனை, கடைசியில் மோரிப் கடல். அந்தத் தட்டை நிலத்தில் தனியாக எழுந்து நிற்பதால்தான் மலாக்கா நீரிணையில் வந்த பழைய மாலுமிகள் ஜுக்ராவைத் தங்கள் வரைபடத்தில் 'பார்சலார் குன்று' என்று குறித்து, அதைப் பார்த்துத் திசை பிடித்தார்கள். சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்ததும் அந்தக் குன்றின் அடிவாரத்தில்தான். எங்களுக்கு அது சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு ஏறிப் பார்க்கும் மேடு.

இந்தப் பதிவு ஜுக்ராவைவிடப் பல மடங்கு உயரமான ஒரு காட்டு மலைக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவதைப் பற்றியது. நெகிரி செம்பிலானில் இருக்கும் குனோங் அங்சி. உயரம் 825 மீட்டர். போன ஜூலையில் குடும்பமாக ஆறு பேர் போய் வந்தோம்: நான், கணவர், பதினான்கு வயது மகள், அண்ணன், ஐம்பத்திரண்டு வயது அண்ணி, தம்பி. படங்களைப் பார்த்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள், மகளுடைய தோழிகளின் அம்மாமார் என்று எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "நாங்களும் போகலாமா? எப்படிப் போறது?"

போகலாம். ஆனால் எப்படிப் போகக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்தரை மணிக்குக் காட்டுக்குள் போன கதை

நான்கு வருடத்துக்கு முன் இதே அங்சிக்கு நாங்கள் ஒரு தடவை போனோம். திட்டம் என்று ஒன்றும் கிடையாது. சனிக்கிழமை காலையில் நிதானமாக எழுந்து, ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பசியாறி, அரட்டை அடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. இளசுகள் முன்னால் ஓடிவிட்டார்கள். அண்ணியும் நானும் பின்னால். உச்சிக்குப் போனபோது இரண்டு மணி ஆகிவிட்டது. சாப்பிட்டு, படம் எடுத்து, இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வானம் கறுத்தது. மூன்று மணிக்கு மழை கொட்ட ஆரம்பித்தது.

காட்டு மழை வீட்டு மழை மாதிரி இல்லை. வேர்கள் எண்ணெய் தடவியது போல ஆகிவிடும். ஏறும்போது படியாக இருந்த மண் இறங்கும்போது சறுக்குமரமாகிவிடும். அண்ணிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பத்து அடி எடுத்து வைப்பார், நின்றுவிடுவார். முன்னால் போனவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, குரலும் எட்டவில்லை. தொலைபேசியில் அலை இல்லை. பாதை இரண்டாகப் பிரிந்தது போலத் தெரிந்த ஓர் இடத்தில் நாங்கள் இருவரும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்ற அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வெளியே ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். மர நிழலுக்குள் ஆறரைக்கே இருட்டிவிடும். என் கைத்தொலைபேசியின் விளக்கு ஒன்றுதான் வழித்துணை. அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழே முக்கால். யாருக்கும் பெரிய காயம் இல்லை. அது எங்கள் நல்ல நேரம், அவ்வளவுதான்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கோல லங்காட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"மழை எந்நேரம் வரும்னு தெரிஞ்சும் பத்தரைக்கா காட்டுக்குள்ள போனீங்க? நாங்க அப்படிப் போயிருந்தா ஒரு நாளாவது மங்குல பால் மிஞ்சியிருக்குமா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

அம்மாவின் கணக்கு

பால் வெட்டுகிறவர்களின் நாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும். பெரட்டு மணி, அதாவது ஆட்களைக் கணக்கெடுக்கும் மணி, அடிக்கும் முன்னே சோறு கட்டி முடித்திருக்க வேண்டும். பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு இருட்டில் நிரைக்குள் நுழைவார்கள். காரணம் மரத்துக்குள் இருக்கிறது. விடிவதற்கு முன்னால்தான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். அப்போது கீறினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் வெளியேறி, அழுத்தம் குறைந்து, ஓட்டம் மெலிந்துவிடும். மத்தியானத்துக்குள் மங்கு என்ற கிண்ணத்தில் இருக்கும் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் எடை போட்டுவிட வேண்டும். மழை முந்திக்கொண்டால் பாலோடு தண்ணீர் கலந்து அன்றைய உழைப்பே போச்சு.

ஆக, அம்மாவின் நாள் மழையிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்ட நாள். மழை இத்தனை மணிக்கு வரலாம். அதற்குள் எடை முடிய வேண்டும். அதற்கு இத்தனை மணிக்குள் சேர்த்திருக்க வேண்டும். அதற்கு இத்தனை மணிக்கு முதல் மரத்தில் கத்தி வைக்க வேண்டும். கடைசியில் வந்து நிற்பது விடியற்காலை நான்கு.

நம் ஊரில் காட்டு மலை ஏறுவதற்கும் இதே கணக்குத்தான். மேற்குக் கரையில் இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். காலையில் நிலம் சூடாகி, ஈரக்காற்று மேலே எழுந்து, மலை முகட்டில் மேகமாகத் திரண்டு, இரண்டு மூன்று மணிக்குக் கொட்டும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது அநேகமாகத் தினசரிக் கதை.

எனவே எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று திட்டத்தைத் தொடங்காதீர்கள். எத்தனை மணிக்குக் கீழே வந்திருக்க வேண்டும் என்று தொடங்குங்கள்.

அங்சியை ஏன் எடுத்தோம்

முதல் காட்டு மலைக்கு அளவு பார்த்து எடுக்க வேண்டும். செமினி பக்கத்து புரோகா குன்று 400 மீட்டர்தான். சூரிய உதயம் பார்க்க நல்லது, ஆனால் ஒரு முழு நாள் காட்டு நடை கிடைக்காது. சிலாங்கூரின் உயர்ந்த மலைகளில் ஒன்றான குனோங் நுவாங் 1,493 மீட்டர். பழகியவர்களுக்கே நாள் முழுதும் பிடிக்கும், குடும்பத்தோடு முதலில் போகும் இடம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது அங்சி.

தித்திவங்சா மலைத்தொடர் தெற்கே இறங்கித் தேயும் பகுதியில், சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் இடையே இருக்கிறது. ஏற இரண்டு வழி. ஒன்று உலு பெண்டுல் வன உல்லாச நிலையத்திலிருந்து. நீளமானது, ஒரு வழி ஏறத்தாழ 5 கிலோமீட்டர், ஆற்றை ஒட்டி மெதுவாக ஏறும். இன்னொன்று புக்கிட் புத்துஸ் கணவாயிலிருந்து; குட்டையானது, ஆனால் தொடக்கத்திலிருந்தே செங்குத்து. முதல் தடவை போகிறவர்கள் உலு பெண்டுல் வழியைப் பிடியுங்கள்.

பெண்டுல் என்றால் மலாயில் வாசல் நிலையின் கீழ்க்கட்டை. புத்துஸ் என்றால் அறுந்தது. மலை அறுந்த இடத்தில் கணவாய். அந்தக் கணவாயில்தான் 1875 டிசம்பரில் ஸ்ரீ மெனாந்தியின் ஆட்சியாளர் யாம்துவான் அந்தாவின் படையும் ஆங்கிலேயர்களின் கூர்க்காப் படையும் மோதின. டிசம்பர் 20ஆம் தேதி அங்கிருந்த மரக்கோட்டையைப் பிடித்ததற்காக சானர் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. காரில் அந்த வழியே போகும்போது மகளுக்கு இதைச் சொன்னேன். சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "இவ்வளவு காட்டுல எப்படிம்மா சண்டை போட்டாங்க?" என்று கேட்டாள்.

பின்னோக்கி எண்ணுவோம்

இப்போது கணக்குக்கு வருவோம்.

ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய வாய்பாடு கொடுத்தார். தட்டைத் தூரம் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; உயரம் 600 மீட்டருக்கு இன்னொரு மணி நேரம். அங்சியின் அடிவாரமே கொஞ்சம் உயரத்தில் இருப்பதால், இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆனால் அது குளிர் நாட்டுக் கணக்கு, கால் பழகியவர்களின் கணக்கு. நம் புழுக்கத்துக்கும் வேர் நிறைந்த பாதைக்கும் ஒன்றரை மடங்கு போடுங்கள். மூன்று மணி நேரம். நாங்கள் ஏறியதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இறங்க நேரம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். முழங்கால் வலி உள்ள ஒருவர் கூட இருந்தால் இறக்கமும் ஏற்றத்துக்குச் சமம். நாங்கள் இரண்டரை மணி நேரம் வைத்தோம். பின்னோக்கி எண்ணினால் இப்படி வந்தது:

மதியம் 1.30: எல்லாரும் அடிவாரத்தில்.
காலை 11.00: உச்சியிலிருந்து இறக்கம். உச்சியைத் தொடாவிட்டாலும் இந்த நேரத்துக்குத் திரும்பியாக வேண்டும்.
காலை 10.20: உச்சி. நாற்பது நிமிடம் ஓய்வு, சாப்பாடு.
காலை 7.20: முதல் அடி. அப்போதுதான் நன்றாக வெளுத்திருக்கும்.
காலை 7.00: அடிவாரம். பதிவு, கழிவறை, கால்களைத் தளர்த்துவது.
காலை 5.00: பந்திங்கிலிருந்து புறப்பாடு. சிப்பாங், நீலாய் வழியே நெடுஞ்சாலையைப் பிடித்து, சிரம்பானில் அரை மணி நேரம் பசியாறல்.
காலை 4.00: எழுந்திருத்தல்.

எழுதி முடித்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன். நான்கு மணியைப் பார்த்ததும் சிரித்தார். "இதைத்தானே தினமும் செஞ்சோம்," என்றார்.

இந்த அட்டவணையில் பதினொன்றுதான் முக்கியம். மற்ற நேரங்கள் பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். பதினொன்று ஆகாது. அதைக் கிளம்புவதற்கு முந்தின நாளே எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். மலை மேல் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சில் எப்போதும் மழைதான் ஜெயிக்கும். வனத்துறை வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அது ஏழுக்குப் பிறகு என்றால் கணக்கை அதற்கேற்ப நகர்த்தி, உச்சி ஓய்வைக் குறையுங்கள்.

ஜுக்ராவில் பயிற்சி

தட்டை நிலத்தில் நடக்கிறவர்களுக்கு மேடு ஏறும் தசை தூங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் ஆறு வாரம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜுக்ரா ஏறினோம். முதல் இரண்டு வாரம் வெறுங்கையோடு ஒரு தடவை. அடுத்த இரண்டு வாரம் முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீரோடு. கடைசி இரண்டு வாரம் அதே சுமையோடு இரண்டு தடவை ஏறி இறங்கினோம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பயிற்சியின் மூன்றாவது வாரம் மகள் கேட்டாள்: "நம்ம ஆளுங்கள்லாம் மலை ஏறுவாங்களாம்மா?" எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலில் கால் வைத்த மலேசியர்கள் யார் தெரியுமா என்று திருப்பிக் கேட்டேன். தெரியவில்லை. 1997 மே 23. எம். மகேந்திரன், என். மோகனதாஸ். இரண்டு பேரும் நம் பிள்ளைகள். அன்று நான் பள்ளி மாணவி. அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் தோட்டத்தில் நடந்த பேச்சு இன்னும் நினைவில் இருக்கிறது. மகள் அன்று ஜுக்ராவை இரண்டாம் தடவை தானாகவே ஏறினாள்.

அனுமதிச் சீட்டும் வானமும்

அங்சி நிரந்தர வனக் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டப்படி மாநில வனத்துறையின் அனுமதி எடுத்துத்தான் போக வேண்டும். சிலர் இதைச் சும்மா ஒரு தொல்லை என்று நினைக்கிறார்கள். அந்தச் சீட்டில் உங்கள் பெயர் இருந்தால்தான், நீங்கள் இன்னும் இறங்கவில்லை என்பது யாருக்காவது தெரியும்.

தமிழ்நாட்டில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் தேதி நடந்தது நினைவிருக்கும். கோடையில் காய்ந்த புல்சரிவில் தீ பரவி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் நாட்டில் 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலை பத்தாங்காலியில் மண் சரிந்து, கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த முப்பத்தொரு பேர் போனார்கள். ஒன்று தீ, ஒன்று மண். இரண்டிலும் பருவம்தான் கேள்வி. மலை எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்பது அதைத் தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். வனத்துறை மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது. இன்னொரு வாரம் போகலாம்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு இரண்டு விஷயம் பாருங்கள். வானிலைத் துறையின் முன்னறிவிப்பு ஒன்று. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு இன்னொன்று. குறியீடு 100ஐத் தாண்டினால் நடையைத் தள்ளிப்போடுங்கள். மூச்சை இழுத்து ஏறும் வேலைக்கு அந்தக் காற்று ஆகாது. மூன்று நாள் விடாமல் பெய்திருந்தால் அன்று வெயில் அடித்தாலும் போகாதீர்கள். மண் இன்னும் ஊறித்தான் இருக்கும்.

பையில் என்ன

காலுக்கு: மலேசிய மலையேறிகள் பலர் விலை உயர்ந்த சப்பாத்தைவிட கம்போங் அடிடாஸைத்தான் நம்புகிறார்கள். ஒரே வார்ப்பில் செய்த கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் முள் முள்ளாக இருக்கும். ஈர மண்ணில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீரில் இறங்கினாலும் கனக்காது, விலையும் கொஞ்சம்தான். கொஞ்சம் பெரிய அளவாக எடுத்து, தடித்த காலுறை போட்டு, வீட்டில் இரண்டு மூன்று தடவை நடந்து பழக்குங்கள். அம்மா இதே சப்பாத்தைப் போட்டுத்தான் நிரையில் நடந்தார். அண்ணிக்கு வாங்கிய புது ஜோடியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வெட்டுன பால் எங்க போச்சுன்னு நெனச்சேன்," என்றார்.

நெற்றி விளக்கு: ஆளுக்கு ஒன்று, மத்தியானமே திரும்பும் திட்டம் என்றாலும். நான்கு வருடத்துக்கு முன் எங்களுக்கு இல்லாமல் போனது இதுதான்.

தண்ணீர்: ஆளுக்கு இரண்டரை லிட்டர். அதில் ஒரு பாட்டிலில் உப்புச் சர்க்கரைக் கரைசல். வியர்வையோடு உப்பும் போய்விடும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது போதாது. ஓடைத் தண்ணீர் பளிங்கு போல இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் நம் காட்டு ஓடைகளில் உண்மையான ஆபத்து. காலில் திறந்த காயம் இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

சாப்பாடு: வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, அவித்த முட்டை, வாழைப்பழம், கடலை உருண்டை. புளிச்சோறு சீக்கிரம் கெடாது, உப்பும் புளிப்பும் களைத்த உடம்புக்குப் பிடிக்கும். மொடமொடக்கும் பிளாஸ்டிக் பைகளைக் கையில் தொங்கவிடாதீர்கள், அடிவாரத்துக் குரங்குகளுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

மழைச்சட்டை, மாற்றுச் சட்டை, உறையில் போட்ட தொலைபேசி, கட்டுத்துணி, ஊதல். உச்சியில் அடிவாரத்தைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும். நனைந்த சட்டையோடு காற்றில் உட்கார்ந்தால் நம் ஊரிலும் உடம்பு நடுங்கும். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று, நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதுங்கள். மலையேறிகளிடையே அதற்குப் பொருள் 'உதவி'. அலை கிடைத்தால் 999.

அட்டை: காலுறைக்குள் காற்சட்டை நுனியைச் செருகி, மேலே சோப்புத் தண்ணீரோ புகையிலை ஊறிய தண்ணீரோ தடவுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், வாய் ஒட்டிய பக்கம் நகத்தால் தள்ளி எடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிடும். அதனால் எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஒழுகும், பயப்பட வேண்டாம். மகள் முதல் அட்டையைப் பார்த்துக் கத்தினாள். மூன்றாவது அட்டையைத் தானே எடுத்துப் போட்டுவிட்டு நடந்தாள்.

அண்ணி முன்னால் நடந்தார்

எங்கள் திட்டத்தில் எழுதாமல் பேசி முடித்த ஒரு விதி இருந்தது. மெதுவாக நடப்பவர் முன்னால், பழகியவர் பின்னால். அண்ணி முதல் ஆள். தம்பி கடைசி ஆள். அண்ணியை யாரும் தாண்டக் கூடாது, தம்பிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

முதலில் அண்ணிக்குக் கூச்சம். "நீங்கள்லாம் போங்க, நான் மெதுவா வர்றேன்" என்றார். போன தடவை அப்படித்தானே ஆனது என்று அண்ணன் சொன்னதும் பேசாமல் முன்னால் வந்துவிட்டார். அரை மணி நேரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. பின்னால் துரத்துகிறவர் மூச்சு வாங்குவார். முன்னால் போகிறவர் தன் மூச்சுக்கு நடப்பார். அண்ணி ஒரே சீராக நடந்தார். ஐம்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நின்றோம். உட்காரவில்லை, உட்கார்ந்தால் கால் கெட்டியாகிவிடும்.

ஆற்றங்கரைப் பகுதியில் குளிர்ச்சியாக இருந்தது. தூரத்தில் வாலில்லாக் குரங்குகளின் கூவல் மேலெழுந்து மேலெழுந்து போய் அடங்கியது. பாதையில் இரண்டு இறக்கை வைத்த காய்கள் கிடந்தன. மெராந்தி, கெருயிங் குடும்பத்து மரங்களின் காய்கள் இப்படித்தான் சுழன்றுகொண்டே விழும். மகள் ஒன்றை எடுத்து மேலே வீசினாள். காற்றாடி போலச் சுற்றி இறங்கியது. திரும்ப வைத்துவிட்டு வந்தாள், காட்டுப் பொருள் காட்டோடு.

அதன் பிறகு வேர்ப்படிகள். கடைசிப் பகுதி செங்குத்து, கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய இடங்களும் உண்டு. கயிற்றை ஒருவர் விட்ட பிறகே அடுத்தவர் பிடிக்க வேண்டும். அங்கே அண்ணி இரண்டு தடவை நின்றார். யாரும் "வா வா" என்று அவசரப்படுத்தவில்லை. மணி 10.25க்கு உச்சியில் இருந்தோம். நெய்ஸ்மித்தின் வாய்பாட்டை ஒன்றரையால் பெருக்கிய கணக்கு ஐந்து நிமிடம்தான் பிசகியது.

மேலே வெட்டவெளி. கீழே சிரம்பான் பக்கம் வீடுகள், அதற்கு மேற்கே மங்கலாகக் கடலோரத்துத் தட்டை நிலம். அந்தப் பக்கம்தான் நம் ஊர் என்று அண்ணன் கையைக் காட்டினார். புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். சரியாகப் பதினொன்றுக்குத் தம்பி ஊதலை எடுத்து ஊதினான். யாரும் மறுத்துப் பேசவில்லை.

இறக்கமும் ஆறும்

இறங்கும்போதுதான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஏறி முடித்துவிட்டோம் என்ற நிம்மதியும் களைத்த தொடையும் ஒரே நேரத்தில் வருகின்றன. குதிக்காமல், பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். மரக்கிளையைப் பிடிக்கும் முன் பாருங்கள். பிரம்பு முள்ளும் அதில் இருக்கலாம், எறும்பும் இருக்கலாம்.

1.20க்குக் கீழே வந்தோம். மகளுக்கு ஆற்றில் குளிக்க ஆசை. இங்கே ஒரு எச்சரிக்கை. நம் காட்டு ஆறுகளில் 'கெப்பாலா ஆயர்' வரும். மேலே மலையில் மழை பெய்து, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென ஒரு வெள்ளச் சுவர் இறங்கிவிடும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், மேலேயிருந்து இரைச்சல் கேட்டால், செருப்பைக்கூடத் தேடாமல் கரை ஏறுங்கள். மலை முகட்டில் மேகம் கறுத்திருந்தால் இறங்கவே வேண்டாம். அன்று முகடு வெளுத்திருந்தது. பதினைந்து நிமிடம் காலை நனைத்தோம், கரையில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு.

இரண்டரைக்கு, சிரம்பானைத் தாண்டும்போது, முன்கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. நீலாயில் கொட்டியது. பின் இருக்கையில் அண்ணியும் மகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேரத்தைச் சொன்னேன். மழைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே இறங்கிவிட்டோம் என்றேன். "அப்ப எடை சரியாயிருக்கு," என்றார்.

நம் வீடுகளில் இன்னும் இப்படி ஓர் அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள். எந்த மேகம் பெய்யும், எது கடந்துபோகும், ஈர மண்ணில் எப்படி நடப்பது, அட்டையை எப்படி எடுப்பது, நான்கு மணிக்கு எப்படி எழுந்திருப்பது என்று அவர்களுக்குத் தெரியும். காட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மாலை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, கீழே இறங்கும் நேரத்தை முதல் வரியில் எழுதிவிட்டு மற்றதை நிரப்புங்கள்.